‘உனக்கு மட்டும்’ என்றொரு கோப்பு

கணினித் திரையின் இடது மூலையில் அந்தக் கோப்பு திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்தது. பெயர் ‘உனக்கு மட்டும்’. அதன் தலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். அம்புக்குறியை அதன்மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால், கணினி மிகப் பணிவாக, பிழையில்லாத தமிழில் சொல்லும்: ‘இந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

பெயர் எனக்கு மட்டும், அனுமதி எனக்கு மட்டும் இல்லை. கட்டின பெண்டாட்டியை இதைவிட நறுக்கென்று குத்திக்காட்ட முடியுமா என்று அவள் நான்கு நாளாக மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் குரல்தான் வேலை. பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்துக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, சிடியாக எழுதிக் கொடுப்பாள். ‘இந்தக் காலத்தில் யாரம்மா சிடி கேட்கிறார்கள்?’ என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த நூலகத்தின் வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். பெரிய பொத்தான் வைத்த அவர்களுடைய பழைய பெட்டிகள் விரலுக்குப் பழகியவை. எது நிறுத்தும், எது பின்னால் போகும் என்று தூக்கத்திலும் தெரியும். அதை விட்டுவிட்டு வழவழவென்ற கைப்பேசிக் கண்ணாடியைத் தடவ அவர்கள் தயாராக இல்லை.

வீட்டின் கடைசி அறையில் சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு அவளுக்கு ஒரு பதிவுக்கூடம் செய்து கொடுத்தவன் அவள் கணவன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். திறக்கக் கூடாத நேரத்தில் கதவு திறக்காமல் பார்த்துக்கொள்வது அவன் தொழில். அந்தக் குணம் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. ஜன்னல் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பான். காலிப் பெட்டியைக்கூடப் பூட்டித்தான் பரணில் ஏற்றுவான். அவனைப் பெற்ற தாயே அவனுக்குச் ‘சாவிக்கொத்து’ என்று பெயர் வைத்திருந்தார்.

அவர்கள் சந்தித்ததும் அப்படித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள். மேலேயிருந்து ஒரு குரல், “பயப்படாதீங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க” என்றது. என்ன பேசுவது என்று தெரியாமல் கையிலிருந்த புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்தாள். லிஃப்ட் சரியான பிறகும், அந்த அத்தியாயம் முடியட்டும் என்று அவன் பத்து நிமிஷம் கதவைத் திறக்கவில்லையாம். கல்யாணமான பிறகுதான் அதை ஒப்புக்கொண்டான்.

அப்படிப்பட்டவனோடு ஐந்து நாளாகப் பேச்சு இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவன் கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தின் புதுப் பதிப்பைப் போட்டான். எடுத்து வைத்திருந்த கோப்புகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, “பாரு, ஒரு தூசு குறையல” என்று பெருமையாகச் சொன்னான். தூசு குறையவில்லைதான். ஆனால் ‘என் குரல்’ என்ற அவளுடைய கோப்புறையில் புதிய பதிவைச் சேமிக்கப் போனால், அனுமதி இல்லை என்றது கணினி. நிர்வாகி என்ற பெயரில் இருந்துகொண்டு அவன் எல்லாவற்றையும் அடுக்கியதால், எல்லாமே நிர்வாகியின் சொத்தாகிவிட்டிருந்தது.

என் குரலை என் இடத்தில் வைக்க நான் விண்ணப்பம் போட வேண்டுமா? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய பென்டிரைவ் ஒன்றை எடுத்தாள். கணினியின் முதுகுப் பக்கம் குனிந்து தேட முடியாமல், விசைப்பலகையின் ஓரத்திலேயே இருந்த துளையில் செருகினாள். அன்றிலிருந்து பதிவெல்லாம் அதில்தான்.

சிடி எழுதுவதற்கும் புதுப் பதிப்பில் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டியிருந்தது. தினம் சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து அதைத் தட்டிக் கொடுப்பான். “போங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்று அவள் விரட்டிவிடுவாள். ஒரு சிடி எழுத நாற்பது நிமிஷம் ஆனது. முன்பு ஐந்தே நிமிஷத்தில் ஆன வேலை. பாதி சிடிகள் நடுவழியில் மூச்சை விட்டன. அவன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான், லென்ஸைத் துடைத்தான், உள்ளே ஓடும் பட்டை கேபிளை மாற்றினான். ஒன்றுக்கும் அது மசியவில்லை. இதனால் நூலகத்துக்கு அவள் இரண்டு தடவை தாமதமாகக் கொடுக்கும்படி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடவுச்சொல்லைத் தட்டும்போது வழக்கம்போல இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டான். இரண்டு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு என்னவோ பொறுக்கவில்லை.

“எதுக்குக் கையை வெச்சு மறைக்கறீங்க? நான் என்ன பரீட்சைல பக்கத்து சீட்டா?”

“பழக்கம்மா. யாரு இருந்தாலும் மறைப்பேன்.”

“நான் யாரோவா?”

“அப்படிச் சொன்னேனா?”

“உங்க சட்டையில எந்தப் பை ஓட்டைன்னு எனக்குத் தெரியும். நீங்க எந்தப் பக்கம் படுத்தா குறட்டை விடுவீங்கன்னு தெரியும். ஒரு எட்டு எழுத்து தெரியக் கூடாதா?”

“பதினாறு எழுத்து,” என்று திருத்தினான் அவன்.

அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் சண்டை அரை மணியில் அடங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தையெல்லாம் மாமியார் வழியாகத்தான். அவர் தையல்காரர். முன்னறையில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பார். நூலகத்தின் சிடிகளுக்குத் துணி உறை தைத்துக் கொடுப்பதும் அவர்தான். ஒவ்வொரு உறையிலும் எண்ணுக்குத் தகுந்தபடி பொத்தான் வைப்பார். மூன்றாவது சிடி என்றால் மூன்று பொத்தான், தடவிப் பார்த்தாலே தெரியும்.

“அத்தை, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லுங்க,” என்பாள் அவள். அவன் ஆறடி தூரத்தில் நிற்பான்.

“டேய், சாப்பாடு எடுத்து வெச்சாச்சாம்,” என்பார் மாமியார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதோ பாருங்க ரெண்டு பேரும், என் காலு மிஷினுக்கு, கை துணிக்கு, வாய் உங்களுக்குன்னு ஆயிடுச்சு. எனக்குன்னு மிச்சம் என்ன இருக்கு?”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கணினியை அணைக்காமலே மூடியைத் திறந்து கேபிளை மறுபடியும் அழுத்திப் பார்த்தான். வெளியே வந்தபோது கட்டைவிரலில் ரத்தம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியை மட்டும் எடுத்துவந்து மேஜையில் ‘டக்’ என்று வைத்துவிட்டுப் போனாள். அவன் அந்தப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எதையோ எதிர்பார்த்து ஏமாந்த முகம். சண்டை போட்டவனுக்கு என்ன எதிர்பார்ப்பு வேண்டிக்கிடக்கிறது என்று அவள் போர்வை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நூலகப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கடைசி சிடி என்னம்மா ஆச்சு? பத்து பேர் காத்துக்கிட்டிருக்காங்க. ரிட்டயர்டு டாக்சி டிரைவர் ஒருத்தர் காலைலேருந்து நாலு தடவை போன் பண்ணிட்டார், கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்கன்னு.”

அது ஒரு துப்பறியும் நாவல். பதினோரு சிடி போய்ச் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதில்தான் உண்மை வெளிவரும். கடைசி அத்தியாயத்தைப் புதன்கிழமைதான் பதிவு செய்து முடித்திருந்தாள்.

“இன்னிக்குக் கொடுத்துடறேன் மேடம்.”

“நாலு மணிக்கு வண்டி கிளம்பிடும். கமிட்டில உங்களுக்காக ரெண்டு தடவை பேசிட்டேன். மூணாவது தடவையும் லேட்டுன்னா என்னால வாயைத் திறக்க முடியாது. அடுத்த புத்தகத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க.”

“யாருக்கு?”

“முன்னாடி ரயில் நிலையத்துல அறிவிப்பு வாசிச்சுக்கிட்டிருந்தாரே, அவருக்கு.”

அந்த மனிதர் வாசித்த ஒரு காதல் கதையை அவள் கேட்டிருக்கிறாள். ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்ற வரி, வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும் என்பது போலவே இருந்தது. அவர் கையில் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. வாசிக்கும்போது மட்டும்தான் அவள் தன்னைத் தானாக உணர்கிறாள். அதை எப்படிப் போக விடுவது?

கணினி முன் உட்கார்ந்தாள். சிடி எழுதும் நிரலைத் திறந்தாள். ‘எழுதும் கருவியைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்றது.

மாமியார் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார். “என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?”

விஷயத்தைச் சொன்னாள்.

“அவனுக்குப் போன் போட்டுக் கேட்டுடேன்.”

“நானா? மாட்டேன்.”

“அப்ப நான் கேக்கவா?”

“நீங்க கேட்டாலும் நான் கேட்ட மாதிரிதானே அத்தை ஆகும்? கண்டுபிடிச்சுடலாம். அவர் மண்டைல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

கல்யாண நாளைப் போட்டாள். தவறு என்றது. அவன் பிறந்த நாள், அவன் வேலை செய்யும் கம்பெனியின் பெயர், பதினாறு எழுத்து வருகிற மாதிரி அவன் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர். எல்லாம் தவறு. மூன்று தடவை தப்பானதும் ஒரு செய்தி வந்தது: ‘இச்சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும்.’

“யாருக்குத் தெரிவிக்குமாம்?” என்றார் மாமியார்.

“உங்க பிள்ளைக்குத்தான்.”

“வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் வெச்சிருக்கான் பாரேன். சரி, என் பேரைப் போட்டுப் பாரு.”

“போட்டுட்டேன் அத்தை.”

“உன் பேரை?”

அவள் திரையிலிருந்து திரும்பாமல் சொன்னாள். “முதல்ல அதைத்தான் போட்டேன்.”

மாமியார் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அவன் முதல் சைக்கிளுக்கு ஒரு பேர் வெச்சிருந்தான். மின்னல்வேகம்னு. அதைப் போடு.”

அதுவும் இல்லை.

மணி இரண்டு. பத்து சிடி, ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். கடவுச்சொல் இந்த நிமிஷமே கிடைத்தாலும் முடிக்க ராத்திரி ஒன்பது ஆகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல்கள் விசைப்பலகையிலிருந்து தானாக நழுவி மடியில் விழுந்தன.

“போச்சு அத்தை.”

அந்தச் சமயத்தில் மாமியாரின் கைப்பேசி அடித்தது. திரையில் ‘சாவிக்கொத்து’ என்ற பெயர். மாமியார் அதை எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார். பின்னணியில் பெரிய இரும்புக் கயிறு இழுபடும் ஓசை.

“அம்மா, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?”

“இல்லையே. ஏன்டா?”

“யாரோ கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமா நுழையப் பாக்கறாங்க. பதினேழு தடவை தப்பா பாஸ்வேர்டு போட்டிருக்காங்க. நான் லிஃப்ட் கூரை மேல நிக்கறேன், மெயில் மேல மெயிலா வருது. அதுல ஒண்ணு ‘மின்னல்வேகம்’. அது எப்படிம்மா திருடனுக்குத் தெரியும்?”

“திருடன் இல்லடா. உன் பொண்டாட்டி.”

இரும்புக் கயிறு நின்றது.

“அவ எதுக்குப் போடறா? அவளுக்குத்தான் இப்ப பாஸ்வேர்டே வேண்டாமே. திங்கக்கிழமை காலைல வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் திறந்துவிட்டுட்டுத்தானே வந்தேன்?”

“அது அவளுக்கு எப்படித் தெரியும்?”

“லெட்டர் எழுதி வெச்சேனேம்மா. பதினோரு வரி. மூணு தடவை அடிச்சுத் திருத்தி எழுதினேன்.” குரல் கம்மியது. “படிச்சுட்டு ஒரு சிரிப்புகூடச் சிரிக்கல அவ. மருந்து டப்பாவைக் கொண்டாந்து டக்குன்னு வெச்சுட்டுப் போறா.”

அவள் மாமியாரின் தோளைத் தொட்டாள். “அத்தை, எந்த லெட்டர்னு கேளுங்க.”

“எந்த லெட்டர்னு கேக்கறா.”

“‘உனக்கு மட்டும்’னு கொட்டை எழுத்துல பேர் போட்டு, திரையிலயே வெச்சிருக்கேனே!”

“அத்தை, அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லையாம்னு சொல்லுங்க.”

“அவளுக்கு அனுமதி…”

“கேட்டுதும்மா.”

அந்தப் பக்கத்தில் ஏதோ உயரமான இடத்திலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்து, மோதி மோதிக் கீழே போகும் ஒலி கேட்டது.

“அய்யய்யோ,” என்றான் அவன். “நான் நிர்வாகியா உள்ள நுழைஞ்சு வேலை பாத்துக்கிட்டிருந்தேன்ல… அப்படியே அதுலயே லெட்டரையும் எழுதிட்டேன். நிர்வாகி எழுதினதை வேற யாரும் படிக்க முடியாதபடி நான்தான் பூட்டு போட்டு வெச்சிருக்கேன். நாலு நாளா… நாலு நாளா அவ அந்தப் பூட்டையா பாத்துக்கிட்டிருக்கா?”

மாமியார் மருமகளைப் பார்த்தார். கைப்பேசியை அவள் பக்கம் லேசாக நகர்த்திவிட்டு, இருவருக்கும் நடுவில் அதை அப்படியே விட்டுவிட்டார். யார் முதலில் பேசுவது என்பதில் அவள் ஐந்து நாளாகக் கட்டிக்காத்த பிடிவாதம் இன்னும் விடவில்லை. ரயில் அறிவிப்பாளர், டாக்சி டிரைவர், நாலு மணி வண்டி எல்லாம் ஒரு பக்கம். மூன்று தடவை அடித்துத் திருத்திய பதினோரு வரி இன்னொரு பக்கம். அதுதான் கனமாக இருந்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். “என்னங்க.”

“ம்,” என்றான் அவன். அந்த ஒரு எழுத்தில் ஐந்து நாள் இருந்தது.

“லெட்டரை அப்புறம் பாத்துக்கலாம். நாலு மணிக்குள்ள பத்து சிடி வேணும். இல்லைன்னா எனக்கு இந்த வேலை இல்லை.”

மெக்கானிக்கின் குரல் உடனே நிமிர்ந்தது. “சரி, சொல்றதைக் கேளு. சிடி எழுதலாம்கற ஆளுங்க பட்டியல்ல உன்னைச் சேத்துட்டேன். ஆனா நீ கணினியை விட்டு ஒரு தடவை வெளியேறிட்டு மறுபடி உள்ள நுழைஞ்சாத்தான் அதுக்கு உன்னை அடையாளம் தெரியும். இந்த நாலு நாள்ல ஒரு தடவைகூடவா வெளியேறல?”

“நான் வெளியேறவே மாட்டேனே. வெளியேறினா மைக் செட்டிங் எல்லாம் அழிஞ்சுடுது. திரையை மட்டும் அணைச்சுட்டுப் போயிடுவேன்.”

“எத்தனை நாளா?”

“நீங்க புதுசு போட்டதுலேருந்து.”

“மூணு வாரமாவா?” அவன் பெருமூச்சு காற்றாக இரைந்தது. “செட்டிங் போனா போகட்டும். நான் வந்து வெச்சுத் தரேன். வெளிய வா.”

வெளியேறினாள். திரை கறுத்து, வெளுத்து, பெயர் கேட்டது. உள்ளே நுழைந்தாள். சிடி எழுதும் நிரலைத் திறந்தபோது, எந்தக் கேள்வியும் கேட்காமல் தட்டு ‘சர்ர்’ என்று வெளியே நாக்கை நீட்டியது. மாமியார் கையைத் தட்டினார்.

முதல் சிடியை வைத்து அமுக்கினாள். கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்று சொல்லக்கூடாது; ஊர்ந்தது. மீதி நேரம், முப்பத்தெட்டு நிமிஷம்.

“அதே வேகம்தாங்க.”

“கேபிள் இல்லை, லென்ஸ் இல்லை…” அவன் குரலில் சோர்வு. “அப்ப சிடி டிரைவ்தான் செத்துடுச்சு. நான் எல்லாத்தையும் போட்டுட்டுக் கடைக்கு ஓடினாக்கூட அஞ்சு மணிக்கு மேல ஆயிடும்மா. ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்தேனே, எப்படிக் கோட்டைவிட்டேன்? ஃபைல் எல்லாம் ‘என் குரல்’ல தானே இருக்கு?”

அவள் கண் விசைப்பலகையின் ஓரத்துக்குப் போனது. பென்டிரைவின் சின்ன நீல விளக்கு, மூச்சு வாங்குவது போல மின்னிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் பழி சிடி டிரைவ் மேல் போகும். அவன் புதிதாக ஒன்று வாங்கி வருவான். அதுவும் ஊரும். மறுபடி பிரிப்பான். இன்னொரு விரலையும் கிழித்துக்கொள்வான்.

“இல்ல,” என்றாள்.

“பின்ன எங்க இருக்கு?”

“பென்டிரைவ்ல.”

“எதுல செருகியிருக்க?”

“கீபோர்டு ஓரத்துல ஒரு ஓட்டை இருக்கே…”

அந்தப் பக்கம் முதலில் ஒரு விக்கல் போலக் கேட்டது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. லிஃப்ட் குழி முழுக்க அது எதிரொலித்து, ஒருவன் சிரிப்பது நான்கு பேர் சிரிப்பது போல வந்தது.

“அது கீபோர்டும் மவுசும் பேசிக்கறதுக்கு வெச்ச சந்தும்மா! அது வழியா சிடி எழுதறது, மை ஊத்தற ஃபில்லரை வெச்சுத் தண்ணி டேங்க்கை ரொப்பற மாதிரி. நான் கேபிளை மாத்தறேன், லென்ஸைத் துடைக்கறேன், நீ…” சிரிப்பு மெல்ல அடங்கியது. “ஏன் அதுல வெச்ச? உன் ஃபோல்டர்ல என்ன பிரச்சினை?”

“அதுல வைக்க எனக்கு அனுமதி இல்லைன்னுச்சு. மூணு வாரமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“என் குரலை என் இடத்துல வைக்க உங்ககிட்ட வந்து கேக்கணுமான்னு… கேக்கல. தப்புதான்.”

சிரிப்பு அறவே நின்றுவிட்டது. “உன் தப்பு இல்ல. எல்லாத்தையும் என் பேர்ல அடுக்கி வெச்சுட்டு, ஒரு தூசு குறையலன்னு மீசையை முறுக்கினேன் பாரு, அது என் தப்பு. திங்கக்கிழமையே அதை உன் பேருக்கு மாத்திட்டேன். இப்ப அந்த சிடி போனா போகட்டும், நிறுத்து. பென்டிரைவை உருவி பின்பக்கம் இருக்கற துளையில செருகு. ஃபைலை உன் ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போடு. அங்கேருந்து எழுது.”

அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, மூன்று வாரத் தூசியை முழங்கையால் துடைத்து, செருகிவிட்டு வந்தாள். கோப்பை இழுத்து ‘என் குரல்’ மேல் விட்டாள். இரண்டே நிமிஷம். ஒரு மறுப்பு இல்லை, ஒரு பூட்டு இல்லை. புது சிடியை வைத்து அமுக்கினாள். மீதி நேரம், நாலரை நிமிஷம்!

“அத்தை! ஓடுது, ஓடுது!”

“ஓடட்டும், பத்து உறைக்கும் பன்னிரண்டாவது பொத்தான் நான் இன்னும் தைக்கணும்!” என்று மாமியார் முன்னறைக்கு ஓடினார்.

கைப்பேசியை வைப்பதற்கு முன் அவள் கேட்டாள். “விரல் எப்படி இருக்கு?”

“இப்பத்தான் வலிக்குது,” என்றான் அவன். “ரெண்டு நாளா யாரும் கேக்கலையா, வலிக்க மறந்துடுச்சு.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் அதை ஒரு தொழிற்சாலை என்றே நினைத்திருப்பார்கள். உள்ளே தட்டு நாக்கை நீட்டும், அவள் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பாள். முன்னறையில் மிஷின் தடதடக்கும். ஐந்தாவது சிடியின்போது மாமியார் அங்கிருந்தே கத்தினார்.

“நீ வாசிச்சதைக் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கொலை பண்ணினது அந்த டாக்டர்தானே?”

“சொல்ல மாட்டேன்!”

“மாமியார்கிட்டயே மறைக்கறியா? பொத்தான் தைக்கறதை நிறுத்திடுவேன்.”

“தையுங்க அத்தை, கடைசி உறையில சொல்றேன்.”

மூன்று இருபத்தைந்துக்குப் பத்தாவது சிடி வெளியே வந்தது. கடைசி உறைக்குப் பன்னிரண்டாவது பொத்தானைத் தேட நேரமில்லாமல் மாமியார் தன் ரவிக்கையிலிருந்தே ஒன்றைப் பிய்த்துத் தைத்துவிட்டார். நூலகம் நான்கு தெரு தள்ளி. அவள் நடந்தாள் என்றும் சொல்ல முடியாது, ஓடினாள் என்றும் சொல்ல முடியாது. வண்டியின் பின்கதவைப் பொறுப்பாளர் சாத்தப்போன நேரத்தில் பையை நீட்டினாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தெட்டு. ஒரு உறையை எடுத்து விரலால் பொத்தான்களை எண்ணினார்.

“பன்னிரண்டாவது வேற நிறத்துல இருக்கே.”

“வாங்கிக்கறவங்களுக்குத் தெரியாது மேடம்.”

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். “அடுத்த புத்தகத்தைத் திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோங்க. தடிமனா இருக்கு, சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவன் செருப்பு இருந்தது. போர்வை அறையில், கணினி முன் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கட்டைவிரலில் அழுக்கேறிய கட்டு. திரையில் ‘உனக்கு மட்டும்’, பூட்டோடு.

“கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு. அடுத்த புத்தகமும் எனக்குத்தான்.”

அவன் முகம் மலர்ந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான். “இதை நான் திறந்து வெச்சிருப்பேன். ஆனா… நீயே திற.”

“பாஸ்வேர்டு?”

அவன் காதோரம் வரை சிவந்தான். குனிந்து அவள் காதில் சொன்னான்.

nalukkumanjukkum. நாலுக்கும் அஞ்சுக்கும். அவள் விரல்விட்டு எண்ணினாள். சரியாகப் பதினாறு.

“இதுக்கா… இதுக்கா கையை வெச்சு மறைச்சீங்க?”

“வேற என்ன பண்றது? தினம் அதைத் தட்டறப்ப நீ பக்கத்துல நிக்கற. பாத்துட்டா சிரிப்பன்னு வெக்கமா இருந்தது. அதைத்தான் ஏழாவது வரியில எழுதியிருக்கேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முதல் எழுத்தைத் தட்டப் போனாள். அப்போது கையில் மூன்று டம்ளர் காபியோடு மாமியார் உள்ளே நுழைந்தார். அவளுடைய இடது கை தானாக எழுந்து, குவிந்து, விசைப்பலகையை மறைத்தது.

மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “ஓகோ,” என்றார். “இப்ப நான் யாரோவாக்கும்!” டம்ளர்களை வைத்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினார்.

பூட்டு மறைந்தது. பதினோரு வரி திரையில் விரிந்தது. அவள் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“நீங்க வாசிங்க.”

“நானா? எனக்கு எங்கே வாசிக்க வரும்?”

“வருஷக்கணக்கா நான்தானே வாசிக்கறேன். இன்னிக்கு நான் கேக்கறேன்.”

அவன் தொண்டையைச் செருமினான். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்பை வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் தொடங்கினான். ரயில் அறிவிப்பாளரே தேவலாம் போலிருந்தது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

மூன்றாவது வரிக்கு வந்தபோது முன்னறையில் தையல் மிஷினின் சத்தம் நின்றது. பதினோராவது வரி முடியும் வரைக்கும் அது மறுபடி ஓடவில்லை.